ஊரைத் தன் வீடாக்கிய ஜேன் அடம்ஸ் அம்மையார்

பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, எமது நினைவு நேரே கல்லூரி நூலகத்துக்குப் போனது. கதவுக்கு எதிரே இருந்த அலுமாரியின் கீழ்த்தட்டில் மட்டை கிழிந்த வாழ்க்கை வரலாறுகள் அடுக்கியிருக்கும். மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த வகுப்பினர் நாம். அந்தத் தட்டில் இருந்த ஒரு சிறு நூலில்தான் ஜேன் அடம்ஸ் அம்மையாரை முதன்முதலில் சந்தித்தோம். சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் என்பதே அன்று எம்மைக் கவர்ந்தது. சமாதானம் என்ற சொல்லுக்காகவே ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்கும் காலம் அது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, வைத்தியத் தொழிலில் இறங்கிப் பல ஊர்களில் வாடகைக்கு இருந்து பார்த்தபின் அவரை மீண்டும் படித்தோம். இம்முறை எமது கண்ணில் பட்டவை குப்பை வண்டி, வாய்க்கால், தண்ணீர்க்குழாய், வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு தங்குமிடம் ஆகியவை. ஒரு நகரத்தின் அயலைப் பெண்கள் எவ்வாறு மாற்றியமைக்கலாம் என்பதற்கு இவருடைய வாழ்க்கையைவிட நல்ல பாடம் எமக்குத் தெரியவில்லை.

பிள்ளைப் பருவம்

ஜேன் அடம்ஸ் 1860ஆம் ஆண்டு செப்ரெம்பர் 6ஆம் திகதி அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் சீடர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஜோன் அடம்ஸ் ஆலை உரிமையாளர். மாநில செனற்சபை உறுப்பினர். ஆபிரகாம் லிங்கனோடு பழகியவர். ஜேனுக்கு இரண்டு வயதாக இருக்கையில் தாயார் காலமானார். நான்கு வயதில் முள்ளந்தண்டில் கசநோய் கண்டு முதுகு வளைந்துவிட்டது. தன் அழகிய தந்தையாருக்குத் தன்னைப் போன்ற கூனல் பிள்ளை இருப்பது ஊராருக்குத் தெரியக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை விட்டு விலகி நடந்த குழந்தை அவர்.

அவர் படிக்க விரும்பியது கிழக்குக் கரையில் இருந்த ஸ்மித் கல்லூரியில். தந்தையார் சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு அண்மையில் இருந்த றொக்போட் பெண்கள் செமினரிக்கு அனுப்பப்பட்டார். செமினரி என்ற சொல் வட்டுக்கோட்டையை அறிந்த எம்மவருக்குப் புதிதல்ல. எமது தீபகற்பத்தில் பள்ளிகளைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் எந்த உலகிலிருந்து வந்தார்களோ, றொக்போட்டும் அதே உலகைச் சேர்ந்தது. அங்கு படித்த பெண்கள் ஆசிய நாடுகளுக்கு மிஷனரிகளாகச் செல்லவேண்டும் என்று ஆசிரியைகள் வற்புறுத்துவது வழக்கம். ஜேன் அந்த வற்புறுத்தலுக்கு இணங்கவில்லை. ஆனால் படித்த பெண்ணுக்கு ஒரு கடமை உண்டு என்ற எண்ணம் மட்டும் அவரோடு தங்கிவிட்டது.

1881இல் படிப்பு முடிந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் தந்தையார் திடீரென இறந்தார். அந்த இலையுதிர் காலத்தில் பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் ஜேன் சேர்ந்தார். சில மாதங்களிலேயே முதுகு நோவும் மனச்சோர்வும் அவரைப் படுக்கையில் தள்ளின. படிப்பைக் கைவிட நேர்ந்தது. எமது தொழிலுக்கு வரவேண்டியவர் பாதியில் திரும்பிப் போனார் என்பதில் எமக்கு ஒரு சிறு கவலை உண்டு. பிற்பாடு அவர் செய்தவற்றைப் பார்த்தால், கல்லூரியை விட்டாரேயன்றி வைத்தியத்தை அவர் முழுவதாக விடவில்லை என்றும் தோன்றுகிறது.

அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் வெறுமையானவை. சிற்றன்னையார் தன் முதல் மணத்து மகனையே ஜேன் மணக்கவேண்டும் என்று விரும்பினார். ஜேன் மறுத்துவிட்டார். படித்தும் மணமாகாமலும் வேலையில்லாமலும் வீட்டில் இருக்கும் பெண்ணை உறவினர் ஒவ்வொருவரும் தத்தம் வேலைக்குக் கூப்பிடுவார்கள். பிள்ளைப்பேற்றுக்கு உதவி, நோயாளிக்குத் துணை, விருந்துக்குக் கைகாரி. பட்டப்படிப்பு முடித்து நியமனம் கிடைக்கும்வரை வீட்டில் இருந்த எமது வகுப்பினர் பலருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஹால்ஸ்ரெட் வீதி

1888இல் கல்லூரித் தோழி எலன் கேட்ஸ் ஸ்ராருடன் ஐரோப்பா சென்றபோது லண்டனின் கிழக்குப் பகுதியில் ரொயின்பீ மண்டபத்தைப் பார்த்தார். பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர் ஏழைகளின் அயலிலேயே குடியிருந்து வாழும் இடம் அது. அங்கிருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். இதையே பெண்கள் செய்தால் என்ன என்ற கேள்வியோடு தோழியர் இருவரும் நாடு திரும்பினர்.

சிக்காகோ நகரின் மேற்குப் பகுதியில், ஹால்ஸ்ரெட் வீதியில், சாள்ஸ் ஹல் என்ற செல்வந்தர் 1856இல் கட்டிய மாளிகை ஒன்று இருந்தது. கட்டியபோது ஊருக்கு வெளியே இருந்த அந்த வீட்டைச் சுற்றி 1880களில் தொழிலாளர் குடியிருப்புகள் நெருங்கிவிட்டன. இத்தாலியர், ஜேர்மானியர், போலந்திலும் ரஷ்யாவிலும் இருந்து வந்த யூதர், பொஹீமியர், ஐரிஷ் மக்கள் என்று பல மொழி பேசுவோர் அங்கு வாழ்ந்தனர். சொத்துக்கு உரிமையாளரான ஹெலன் கல்வர் அம்மையார், ஹல்லின் உறவினர், அவரும் மணமாகாதவர். முதலில் வாடகைக்கும் பின்னர் வாடகையின்றியும் வீட்டைக் கொடுத்தார். 1889 செப்ரெம்பர் 18ஆம் திகதி ஜேனும் எலனும் அங்கே குடிபுகுந்தனர். அதுவே ஹல் ஹவுஸ்.

இரு இளம்பெண்கள், கூட ஆண்துணை இல்லாமல், நகரத்தின் ஏழைப் பகுதியில் வீடு எடுத்து வாழ்வது அன்று எவ்வளவு புதுமை என்பதை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம். அவர்கள் கதவைத் திறந்துவைத்தார்கள், அவ்வளவுதான். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சிறுவர் பகல் பராமரிப்பும் பாலர் வகுப்பும் தோன்றின. மாலையில் இளைஞர்களுக்கு ஆங்கில வகுப்பு வந்தது. குளிக்க இடமில்லாத அயலவர்க்காக நிலக்கீழறையில் குளிப்பறைகள் அமைத்தார்கள். 1907 அளவில் பதின்மூன்று கட்டடங்கள் ஒரு முழுத் தெருத்தொகுதியையே நிரப்பிவிட்டன.

அங்கு வந்து குடியிருந்து பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் படித்த பெண்கள். தத்தம் உணவுக்கும் அறைக்கும் தாமே பணம் கட்டினார்கள். புளோரன்ஸ் கெலி தொழிற்சாலைப் பரிசோதனைக்குத் தலைமை தாங்கினார். ஜூலியா லேத்ரொப் 1899இல் சிக்காகோவில் அமெரிக்காவின் முதலாவது சிறுவர் நீதிமன்றம் அமையப் பாடுபட்டார். வைத்தியர் அலிஸ் ஹமில்ரன் 1897இல் வந்தார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்வோம். இவர்களுக்கு ஹல் ஹவுஸ் தொழிலையும் வீட்டையும் ஒன்றாகவே கொடுத்தது. மணம் செய்தால் வீடு, செய்யாவிட்டால் பிறர் வீட்டில் ஒரு மூலை என்றிருந்த காலத்தில், தமக்கென்று ஒரு மேசையும் அம்மேசையைச் சுற்றிப் பேச்சுத் துணையும் அவர்களுக்குக் கிடைத்தன.

குப்பை

19ஆம் வட்டாரத்தின் ஒழுங்கைகளில் பெரிய மரப்பெட்டிகளில் குப்பை நிரம்பி வழிந்தது. சந்தையில் அழுகிய பழமும், தோல் பதனிடுவோரின் கழிவும், இறந்த விலங்குகளும் அதில் அடக்கம். சிறுவர் அப்பெட்டிகளில் ஏறி விளையாடுவர். வட்டாரத்தில் சாவு வீதம் அதிகம்.

1894ஆம் ஆண்டு கோடையில் ஹல் ஹவுஸ் மாதர் கழகத்தைச் சேர்ந்த பன்னிரு பெண்கள், பெரும்பாலும் அயலில் வாழ்ந்த இல்லத்தரசிகள், வீட்டு வேலை முடிந்த மாலைகளில் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து பார்த்தார்கள். இரண்டு மாதங்களில் 1037 முறைகேடுகளைச் சுகாதாரத் திணைக்களத்துக்கு எழுதி அனுப்பினார்கள். பலன் போதவில்லை. அடுத்த ஆண்டு குப்பை அகற்றும் ஒப்பந்தத்துக்குத் தாமே ரெண்டர் போட்டார் ஜேன். அது ஒரு தொழில்நுட்பக் காரணம் சொல்லித் தள்ளுபடி செய்யப்பட்டது. ஆனால் அந்தச் செய்தி நகரமெங்கும் பரவியதால், மாநகர முதல்வர் அவரை வட்டாரத்தின் குப்பைப் பரிசோதகராக நியமித்தார். சம்பளம் ஆண்டுக்கு ஆயிரம் டொலர்.

காலை ஆறு மணிக்கு எழுந்து, வண்டிகள் வேலைக்கு இறங்குகின்றனவா என்று பார்த்து, குப்பை கொட்டும் இடம்வரை அவற்றின் பின்னால் போவார். ஒப்பந்தக்காரர் வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டவேண்டி வந்தது. ஒரு குறுகிய தெருவில் குப்பையை வெட்டி அகற்றியபோது பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே கல் பதித்த வீதி ஒன்று இருப்பது தெரிந்தது. அங்கு வாழ்ந்த எவரும் அதை அதற்கு முன் கண்டதில்லை.

அயலில் வாழ்ந்த பெண்களுக்கே இது பிடிக்கவில்லை. ஒரு சீமாட்டி குப்பை வண்டியின் பின்னால் போவதா என்று முகம் சுளித்தார்கள். ஜேன் அவர்களோடு வாதாடிய முறை எமக்கு மிகவும் பிடிக்கும். நெருப்புக்காய்ச்சல் வந்த பிள்ளையைப் பராமரிப்பது பெண்ணுக்கு உகந்த வேலை என்றால், அந்தக் காய்ச்சலை உண்டாக்கும் அழுக்கை அகற்றுவதும் உகந்த வேலையே என்று அவர் எடுத்துச் சொன்னார். நகரம் என்பது பெரியதொரு வீடு. அதைத் துப்புரவாக வைத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு அதை நடத்துவதில் பங்கில்லாமல் போனதுதான் அதன் அழுக்குக்குக் காரணம் என்பது அவருடைய கட்சி. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டபோதும் இதே நியாயத்தைத்தான் முன்வைத்தார். சில ஆண்டுகளில் சாவு வீத வரிசையில் அந்த வட்டாரம் நகரத்தில் மூன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

அலிஸ் ஹமில்ரனும் நெருப்புக்காய்ச்சலும்

1902இல் சிக்காகோவில் நெருப்புக்காய்ச்சல் பரவியது. நகர சனத்தொகையில் முப்பத்தாறில் ஒரு பங்கே வாழ்ந்த 19ஆம் வட்டாரத்தில், நகரத்து நெருப்புக்காய்ச்சல் சாவுகளில் ஆறில் ஒரு பங்கு நிகழ்ந்தது. வைத்தியர் ஹமில்ரனும் ஹல் ஹவுஸ் பெண்கள் இருவரும் வீடு வீடாகச் சென்று மலசலகூடங்களையும் வடிகால்களையும் ஆராய்ந்தனர். திறந்த கழிவிடங்களிலிருந்து ஈக்களே கிருமியைக் காவுகின்றன என்று ஹமில்ரன் முடிவு செய்து வெளியிட்டார். அதன் பயனாகச் சுகாதாரப் பரிசோதகர் பலரின் ஊழல் வெளிப்பட்டு நடவடிக்கை எடுக்கப்பட்டது.

பிற்காலத்தில் ஹமில்ரன் தமது முடிவு பிழை என்று அறிந்துகொண்டார். நீரேற்று நிலையத்தில் ஏற்பட்ட உடைப்பினால் கழிவு குடிநீரில் கலந்திருந்தது. அதிகாரிகள் அதை மறைத்துவிட்டார்கள். தமக்குப் புகழ் தந்த ஆய்வு தவறானது என்று அவரே தமது வாழ்க்கை நூலில் எழுதி வைத்தார். பின்னர் ஈயம் முதலிய தொழில் நஞ்சுகளை ஆராய்ந்து, 1919இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் முதலாவது பெண் ஆசிரியரானார். பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்க அவருக்கு அனுமதி இல்லை. எம்மில் வைத்தியத்துறைக்கு வந்தவர்கள் ஹமில்ரனின் ஆய்வுகளைவிட அவர் தவறை ஒப்புக்கொண்டதை முதலில் படிக்கவேண்டும்.

வெள்ளை நிறம் தீட்டிய வீடுகள்

1893இல் மத்திய அரசு பெருநகரங்களின் சேரிகளை ஆராய்ந்தபோது சிக்காகோ வேலை புளோரன்ஸ் கெலியிடம் வந்தது. அந்தத் தகவல்களை வைத்து ஹல் ஹவுஸ் பெண்கள் 1895இல் வரைபடங்களுடன் ஒரு நூல் வெளியிட்டனர். ஒவ்வொரு வீடும் ஒரு கட்டம். ஒரு படத்தில் குடியிருப்போரின் இனம் நிறத்தால் காட்டப்பட்டது. மற்றப் படத்தில் அவர்களின் கிழமை வருமானம். வருமானப் படத்தில் விபசார விடுதிகளுக்கு வெள்ளை நிறம்.

அந்த வெள்ளைக் கட்டங்களை மரியாதையான நூல்களில் எவரும் அன்று காட்டமாட்டார்கள். ஜேனும் தோழியரும் அவற்றை வருமானப் படத்திலேயே காட்டினார்கள். பெண்களின் உடல் விற்கப்படும் இடத்தைக் கூலி எழுதிய அதே தாளில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது பின்னர் ஜேனின் உறுதியான கருத்தாயிற்று. 1912இல் இப்பொருள் பற்றித் தனி நூலே எழுதினார். கிராமத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த பெண்பிள்ளைக்குத் தொழிற்சாலையிலோ பெரிய கடைகளிலோ கிடைக்கும் கூலி அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாது. களைத்துப்போன அவளுக்கு மாலையில் போய் இருக்க மதுச்சாலையோடு ஒட்டிய நடனக்கூடத்தைத் தவிர இடமில்லை. அவளது ஒழுக்கத்தைப் பற்றிப் போதிக்குமுன் அவளது சம்பளத்தையும் படுக்கையையும் விசாரிக்கவேண்டும் என்பது நூலின் சாரம்.

விபசார வட்டாரங்களைக் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் நகரம் ஒதுக்கிவைத்ததால் அக்குடும்பங்களின் பிள்ளைகள் படும் கேட்டையும் அவர் சுட்டிக்காட்டினார். ஆனால் இவ்விடயத்தில் அவர் எப்போதும் சரியாக நடக்கவில்லை. 1901இல் கும்பல் கொலைகளைக் கண்டித்து எழுதியபோது, கொல்லப்பட்ட கறுப்பின ஆண்கள் பெண்களுக்குத் தீங்கு செய்தவர்கள் என்ற பழியை ஆராயாமல் விட்டுவிட்டார். ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் அந்தப் பழி பொய் என்று புள்ளிவிபரத்தோடு மறுத்து எழுதினார். அதன்பின்பும் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். சிக்காகோப் பாடசாலைகளை நிறவாரியாகப் பிரிக்க முயன்றபோது ஒன்றாக நின்று தடுத்தார்கள்.

ஜேன் கழகம்

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தப் பகுதிதான்.

சப்பாத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைநிறுத்தம் நடந்தபோது பெண்பிள்ளைகள் ஹல் ஹவுசில் கூடிப் பேசினார்கள். பெற்றோர் வீட்டில் இருப்பவர்கள் தாக்குப்பிடிக்கலாம். வாடகை அறையில் இருப்பவள் ஒரு கிழமைக் கூலி தவறினாலே தெருவுக்கு வந்துவிடுவாள் என்ற உண்மை அங்கே வெளிப்பட்டது. 1890களின் தொடக்கத்தில் அவர்கள் கூட்டாக வீடு எடுத்தார்கள். ஜேன் முதல் மாத வாடகையும் தளபாடமும் கொடுத்து உதவினார். பின்னர் சொந்தக் கட்டடம் வந்தது. அந்த வீட்டுக்கு மேற்பார்வை அம்மா இல்லை. பிள்ளைகளே தலைவியையும் பொருளாளரையும் தெரிந்தார்கள். தாமே விதி எழுதினார்கள். சமையலுக்கு ஆள் வைத்தார்கள். வேலையிழந்தவளைச் சில காலம் தாங்கவும் ஏற்பாடு செய்தார்கள்.

சொந்தக் கட்டடத்துக்குப் பணம் தேடியபோது செல்வந்தர் ஒருவர் 20,000 டொலர் தர முன்வந்தார். தம்மிடம் வேலை செய்த பெண்பிள்ளைகளுக்கு மிகக் குறைந்த கூலி கொடுப்பவர் என்றும், அதைவிடக் கெட்ட கதைகளுக்கு உரியவர் என்றும் பெயர் எடுத்தவர் அவர். அந்தப் பணத்தை ஜேன் திருப்பிவிட்டார். கட்டடம் தாமதமானது. பின்பு வேறு கையால் கட்டப்பட்டது.

எமது வகுப்பினரில் எத்தனையோ பேர் உயர்தரம் முடித்துக் கொழும்புக்கும் பேராதனைக்கும் வேறு நகரங்களுக்கும் போனோம். அறை தேடிய கதை ஒவ்வொருவரிடமும் உண்டு. தனிப் பெண்ணுக்கு வீடு கொடுப்பதில்லை என்று கதவைச் சாத்தியவர்கள் இருந்தார்கள். இரவுக் கடமை முடிந்து வரும் வைத்தியரிடம், இந்த நேரத்தில் எங்கிருந்து வருகிறாய் என்று படலையில் நின்று கேட்ட வீட்டுக்கார அம்மாவும் இருந்தார். அன்று அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் வேறு. இன்று எமது சொந்த நகரத்திலேயே வங்கியிலும் கடைத்தொகுதிகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யத் தூர ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். போரில் தகப்பனை இழந்த வீடுகளின் பிள்ளைகள் அவர்களில் பலர். அவர்களின் அறைக்கதவுக்குப் பூட்டு உண்டா, வீதிவிளக்கு எரிகிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பவை எமது வைத்தியசாலை விடுதியில் நாம் கேட்டுப் பழகிய கேள்விகள். பதில்களைக் கேட்டபின்தான் நகரத்தின் வரைபடம் எமக்குப் புரிந்தது.

மேரி

ஜேன் அம்மையார் மணம் செய்யவில்லை. 1890இல் ஹல் ஹவுசுக்கு வந்த மேரி ரோசெற் ஸ்மித் என்ற செல்வந்த வீட்டுப் பெண், அவருடைய வாழ்க்கைத் துணையானார். கட்டடங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மேரி அள்ளிக் கொடுத்தார். 1904இல் இருவரும் சேர்ந்து மெயின் மாநிலத்துக் கடலோரத்தில் ஒரு வீடு வாங்கினார்கள். பிரிந்திருக்கும் நாட்களில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பயணத்தில் ஒரே அறையில் தங்கினார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இது நிலைத்தது. அந்தக் கடிதங்களில் பலவற்றை ஜேன் கடைசிக் காலத்தில் அழித்துவிட்டார். இந்த உறவுக்கு என்ன பெயர் சொல்வது என்று வரலாற்றாசிரியர் இன்றும் விவாதிக்கிறார்கள். பெயர் எதுவாயினும், அவ்வளவு வேலைக்கும் பின்னால் நின்ற வீடு அதுதான்.

1934 பெப்ரவரியில் மேரியின் வீட்டில் ஜேன் இருதய நோயுற்றுப் படுத்திருந்தார். அவரைப் பராமரித்த மேரி நியுமோனியா கண்டு இறந்தார். கீழே நடந்த அஞ்சலிக்குப் படியிறங்கி வரும் நிலையில்கூட ஜேன் இல்லை.

எமது கல்லூரியிலும் இரு ஆசிரியைகள் ஒரே வீட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். இம்மலரை வாசிக்கும் பலர் அந்த முற்றத்தில் மல்லிகை பறித்திருப்பீர்கள். ஒருவர் காலமானபோது உறவினர் வரிசையில் மற்றவருக்குக் கதிரை போடப்படவில்லை. பின்வரிசையில், பழைய மாணவிகளோடு அவர் நின்றார். எமக்கு அப்போது எழும்பி ஒரு கதிரை கொண்டுபோய் வைக்கத் தோன்றவில்லை. அவர்கள் எமக்கு எண்கணிதமும் ஆங்கிலமும் மட்டும் கற்பித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இறுதிக் காலம்

முதலாம் உலகப் போரை எதிர்த்ததால் ஜேன் அம்மையார் புகழின் உச்சியிலிருந்து கீழே விழுந்தார். 1915இல் ஹேக் நகரில் கூடிய மகளிர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பத்திரிகைகள் ஏளனம் செய்தன. தேசபக்தச் சங்கங்கள் அவரை ஒதுக்கின. 1919இல் உருவான சமாதானத்துக்கும் சுதந்திரத்துக்குமான அனைத்துலக மகளிர் கழகத்தின் முதல் தலைவியாக இருந்து வேலையைத் தொடர்ந்தார். 1931இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மேரி இறந்து பதினைந்து மாதங்களில், 1935 மே 21ஆம் திகதி புற்றுநோயால் காலமானார். ஹல் ஹவுசில் வைக்கப்பட்ட பூதவுடலைக் காண ஆயிரக்கணக்கில் அயலவர் வந்தனர். சீடர்வில்லில் தந்தையார் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

1960களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக ஹல் ஹவுஸ் அயலையே இடிக்க நகரம் முடிவு செய்தது. ஹல் ஹவுஸ் நிர்வாகம் இணங்கியது. அங்கு வளர்ந்த புளோரன்ஸ் ஸ்காலா என்ற பெண்ணின் தலைமையில் இல்லத்தரசிகள் மாநகர முதல்வரின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். வழக்கை உயர்ந்த நீதிமன்றம்வரை கொண்டு போனார்கள். தோற்றார்கள். பதின்மூன்று கட்டடங்களில் இரண்டே மிஞ்சி நூதனசாலையாக நிற்கின்றன. 2012இல் அச்சங்கமும் மூடப்பட்டது. ஆனால் அந்த இல்லத்தரசிகள் எழும்பி நின்று பேசக் கற்ற இடம் எது என்பது எவருக்கும் தெரியும்.

எமது சங்கத்துக்கு நூறு வயது. நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் வளைவு கட்டுவதா, மணிக்கூட்டுக் கோபுரம் கட்டுவதா என்று கூட்டங்களில் பேசப்படுகிறது. இரண்டும் அழகானவை. அவற்றோடு இன்னொன்றையும் யோசிக்குமாறு ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் கொழும்பிலும் உள்ள சகோதரிகளைக் கேட்கிறோம். கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில், நகரத்தில் வேலை செய்யும் இருபது பிள்ளைகள் தங்கக்கூடிய ஒரு வீடு. நல்ல தண்ணீர், உட்பக்கம் பூட்டும் கதவு, விளக்குள்ள ஒழுங்கை. விதிகளை அவர்களே எழுதட்டும். மணமானவளா, ஆகாதவளா, கைவிடப்பட்டவளா என்ற விசாரணை வாசலில் வேண்டாம். பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதை மட்டும் ஜேன் அம்மையாரைப் போல ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.

அந்த வீட்டின் முன்விறாந்தையில் ஒரு கதிரை எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். பின்வரிசையில் நின்ற எமது ஆசிரியையின் நினைவுக்கு அதுவே போதும்.